ஃபிரிட்டில்லரி வண்ணத்துப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி?

ஆரஞ்சுச் சிறகில் கரும்புள்ளிகள் தெரிந்ததுமே ஃபிரிட்டில்லரி என்று குறித்துக்கொள்ள வேண்டாம். அதே வேடத்தில் வேறு சில பூச்சிகளும் பறக்கின்றன. இந்திய ஃபிரிட்டில்லரியைச் சந்தேகமில்லாமல் சொல்ல வேண்டுமானால் பின்சிறகின் அடிப்பக்கத்தைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் இடம். தென்னிந்தியாவில் இது மலைவாசி. நீலகிரி, பழனி மலை போன்ற உயரமான பகுதிகளில் சோலைக்காட்டு ஓரங்களிலும் புல்வெளிகளிலும் தேடுங்கள். வெயில் நன்றாக ஏறிய பிறகு போனால் போதும். பறக்கும் பூச்சியைத் துரத்தாமல், பூத்திருக்கும் செடி ஒன்றின் பக்கத்தில் காத்திருங்கள்.

வந்து உட்கார்ந்ததா? சரி, மெதுவாக நெருங்குங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. நிழல் பட்டால் உடனே எழுந்துவிடும். தேன் குடிக்கும்போது சிறகை விரித்து விரித்து மூடும். மூடும் அந்த நொடிக்குத்தான் காத்திருக்கிறோம். பின்சிறகின் அடியில் பழுப்பும் பாசிப்பச்சையும் கலந்த திட்டுகள், அவற்றுக்கிடையே வெள்ளிபோல வெளிறிய திட்டுகள், முன்சிறகின் அடியில் இளஞ்சிவப்புச் சாயல். இவ்வளவும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கால்களையும் எண்ணிப் பாருங்கள்: நான்குதான் தெரியும். முன்னங்கால் இரண்டும் சிறுத்து, நடக்க உதவாமல் மார்போடு ஒட்டியிருக்கும். ஆனால் இது இந்தக் குடும்பத்துக்கே பொதுவானது, இனத்தைச் சொல்லாது.

காமன் லெப்பர்ட் என்ற பூச்சிதான் அதிகம் குழப்பும். அது இதைவிடச் சிறியது, ஓயாமல் சிறகடிக்கும், அடியில் வெள்ளித் திட்டுகள் கிடையாது. மேல்பக்கம் மட்டுமே தெரிந்தால் பின்சிறகின் ஓரத்தைப் பாருங்கள். ஃபிரிட்டில்லரிக்கு அங்கே கருப்புக் கரையும் அதற்குள் நீலச் சாயல் கொண்ட கீற்றுகளும் இருக்கும்.

அப்புறம் பெண் பூச்சி. எனக்கு இந்த இனத்தில் மிகவும் பிடித்தது இதுதான். முன்சிறகின் நுனிப்பாதி கருநீலமாகி, குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். பறவைகளுக்குச் சுவைக்காத வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியைப் போல வேடம் போட்டுப் பிழைக்கிறது. பழனி மலையில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது; அங்குள்ள வகையில் பெண்ணும் ஆணைப் போலவே இருக்கும்.

வேடம் ஏமாற்றினாலும் அடிச்சிறகு ஏமாற்றாது. அதனால் படம் எடுக்கும்போது பக்கவாட்டில் ஒன்றாவது எடுங்கள். பிடித்துப் பார்க்க வேண்டாம். சிறகின் செதில்கள் விரலோடு வந்துவிடும்.

பெண் பூச்சி தரையோரம் தாழப் பறந்து இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால், அங்கே வயலெட் செடி இருக்கிறதா என்று கவனியுங்கள். முட்டையிடுவது அதில்தான், இல்லாவிட்டால் அதன் பக்கத்தில். கருப்பு உடம்பில் முதுகு நெடுக ஆரஞ்சுக் கோடும் முட்களுமாக ஒரு புழு அங்கே மேய்ந்துகொண்டிருந்தால், அதையும் இடம், தேதியோடு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.