கோடையில் கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு: கடலூர், புதுவைப் பக்கம்

பங்குனி பிறந்து ஆனி முடிகிற வரைக்கும் கடலூர், புதுவைச் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா நடந்துகொண்டுதான் இருக்கும். மத்தியானம் கோயிலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. டிக்கெட் கிடையாது, யாரும் போய் உட்காரலாம். ஆனால் டவுனிலிருந்து போகிற பலர் 10 மணிக்குப் போய் 12 மணிக்கு எழுந்து வந்துவிடுகிறார்கள். பெரிய வேடங்கள் களரிக்கு, அதாவது கூத்தாடும் இடத்துக்கு, வருவதே அதற்கப்புறம்தான். போனால் விடிய விடிய இருக்கிற மாதிரி போங்கள்.

முதலில் எந்த ராத்திரி என்று முடிவு செய்யுங்கள். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர், வில்லியனூர் பக்கம் போனால் டீக்கடைச் சுவர்களையும் பஸ் நிறுத்தங்களையும் பாருங்கள். விழா நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். தினமும் என்ன கூத்து, எந்த நாடக சபா என்று அதில் இருக்கும். தீமிதித் தேதி மட்டும்தான் தெரிகிறது என்றால் பின்னோக்கி எண்ணுங்கள். தீமிதி அன்று பகலில் படுகளம், அதாவது துரியோதனனை மண் உருவமாகப் படுக்க வைத்து வீழ்த்துகிற காட்சி. முந்தின ராத்திரி பதினெட்டாம் போர். அதற்கும் முந்தின ராத்திரி பெரும்பாலும் கர்ண மோட்சம். அதற்கு முன்னால் அபிமன்யு, அரவான் களபலி, கிருஷ்ணன் தூது என்று போகும். வில் வளைப்பு, துகில் (திரௌபதியின் சேலையை உரிகிற கதை), அர்ச்சுனன் தபசு எல்லாம் தொடக்க நாட்களில் வந்துவிடும். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடும், குறையும், இடம் மாறும். அதனால் நோட்டீஸில் உள்ள கமிட்டிக்காரர் நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

முதல் தடவை என்றால் கர்ண மோட்சம் பாருங்கள். துகில் அளவுக்குச் சபை நிறைய வேடங்கள் இல்லை, கதை பிடிபடும். போருக்குக் கிளம்புகிற கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவன் குலம் தெரியாதவன் என்று அவள் தள்ளி நிற்கிறாள். அந்தத் தர்க்கம் பாட்டும் வசனமுமாக நெடுநேரம் போகும். நல்ல பொன்னுருவி வேடக்காரர் அமைந்துவிட்டால் அந்த ராத்திரிக்கு அதுவே போதும். விடியப்போகிற நேரத்தில் விழுந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு குந்தி அழுவாள். ஊர்ப் பெண்களும் சேர்ந்து அழுவதைப் பார்ப்பீர்கள். இதைத்தான் 12 மணிக்குக் கிளம்புகிறவர்கள் தவற விடுகிறார்கள்.

இரண்டாவதாக ஒன்று பார்ப்பதென்றால் அர்ச்சுனன் தபசு. நட்டு வைத்த உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறுவான். மேலிருந்து எறிகிற எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். அந்த இடம் அவர்களுடையது. வீடியோ எடுக்க முண்டியடித்து முன்னால் போகாதீர்கள்.

மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிவிடுங்கள். 8 மணிக்குள் இட்லி மாதிரி லேசாக ஏதாவது சாப்பிடுங்கள். வயிறு நிறைந்தால் 1 மணிக்குக் கண் சொக்கும். கோரைப்பாய் ஒன்று, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கொசுவுக்குத் தேய்க்க ஏதாவது, ஒரு போர்வை. சித்திரையில் போர்வை எதற்கு என்று தோன்றும். திறந்தவெளியில் 3 மணிக்கு மேல் பனி இறங்குகிற நாட்களும் உண்டு. நாற்காலி வேண்டாம். நாற்காலியைப் பின்னால்தான் போட விடுவார்கள். அங்கிருந்து கால் தெரியாது. கட்டை, அதாவது மரத்தில் செய்த கிரீடமும் அணிகளும், கட்டிய வேடத்துக்கு ஆட்டமே காலில்தான்.

9 மணிக்கெல்லாம் போய்விட்டால் வேடம் கட்டுவதைப் பார்க்கலாம். கூத்தை நடத்துகிற வாத்தியாரிடம் கேட்டுவிட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்தவை. அதைத் தொடாதீர்கள், சாமி கும்பிட்டுத்தான் எடுத்துக் கட்டுகிறார்கள். துரியோதனன் முகத்துக்குச் சிவப்பு ஏறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துவைத்தால் அப்புறம் களரியில் ஆளை அடையாளம் காண்பது சுலபம்.

உட்காரும் இடம் முக்கியம். மத்தளம், தாளம், ஆர்மோனியம், முகவீணை (ஊதுகிற சின்னக் குழல்), பின்பாட்டு எல்லாம் பின்பக்க பெஞ்சில். ஜனம் மற்ற மூன்று பக்கமும். நேர் எதிரில் முதல் வரிசை பிள்ளைகளுக்கு. அதற்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிர்ப்பக்கமாக ஓர் ஓரம் பிடியுங்கள். ஸ்பீக்கர் பக்கம் உட்கார்ந்தால் முகவீணையும் மத்தளமும் ஒரே இரைச்சலாகிவிடும், பாட்டின் சொல் காதில் விழாது.

களரி கட்டி, அதாவது வாத்தியங்களை முழக்கி ஆரம்பித்து, விநாயகர் பாட்டு முடிந்து, கோமாளியாகவும் கதை சொல்பவனாகவும் வருகிற கட்டியக்காரன் வந்து சிரிக்க வைத்த பிறகு திரை வரும். இரண்டு பேர் பிடித்த துணிக்குப் பின்னால் கிரீடத்தின் உச்சியும் சலங்கை கட்டிய காலும் மட்டும் தெரியும். வேடக்காரர் உள்ளேயே பாடி, ஆடி, திரை விலகியதும் கிறிக்கி அடித்து, அதாவது வேகமாகச் சுழன்று, வெளியே வருவார். அந்த நேரத்தில் எழுந்து நடக்காதீர்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. சுற்றிக்கொண்டிருப்பவருக்குக் கண் கூசினால் அத்தனை கட்டையோடும் தடுமாறி விழுவார்.

அன்பளிப்பு கொடுக்க நினைத்தால் பாட்டு முடியும் வரை பொறுத்து, பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டியக்காரனிடம் கொடுங்கள். வேடக்காரர் கையில் நடுப்பாட்டில் திணித்தால் ஓட்டம் அறுந்துபோகும். துகில் அன்று கற்பூரம் ஏற்றும்போது ஊரே எழுந்து நிற்கும், நீங்களும் நில்லுங்கள். யாருக்காவது அருள் வந்தால் விலகி வழிவிடுங்கள்.

கூத்து முடிந்த கையோடு வண்டியை எடுக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தோடு கடலூர்–புதுச்சேரி ரோட்டில் பைக் ஓட்டுவது ஆபத்து. அங்கேயே பாயில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, டீ குடித்துவிட்டு முதல் டவுன் பஸ் பிடிக்கலாம். பதினெட்டாம் போர் பார்த்தவர்கள் படுகளத்துக்கும் இருங்கள். மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் உருவத்தின் தொடையில் பீமன் அடிக்கும் இடம் தெரிய வேண்டுமானால், தலை மாட்டில் நிற்காமல் இடுப்புக்கு நேராக நில்லுங்கள். வெயில் ஏறிவிடும். தலைக்குத் துண்டு கட்டாயம். செருப்புக்கு உள்ளே இடமில்லை. மண் சுடுவதற்குள் பந்தல் நிழலைப் பிடித்துவிடுங்கள்.