மலைப்பூண்டும் மைண்ட் மேப்பும்: கணினியோடு யோசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் பூண்டு விவசாயிகள் கூடிய ஓர் அறைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். திரையின் நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ‘பூண்டுக்கு விலை இல்லை’ என்று தட்டினேன். வட்டத்திலிருந்து போக்குவரத்து, இடைத்தரகர், விளம்பரம் என்று வண்ண வண்ணமாகக் கிளைகள் இழுத்தேன். அரை மணி நேரத்தில் மரம் ஒன்று செழிப்பாக நின்றது. பின்னால் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, படம் நன்றாக இருக்கிறது. ஆனால் விலை இல்லாமல் இல்லை. நாங்கள் விற்கிற வாரத்தில்தான் விலை இல்லை.”

என் மரம் அங்கேயே சாய்ந்தது.

இப்படி நடு வட்டத்திலிருந்து கிளை கிளையாக யோசனைகளை வரையும் மைண்ட் மேப் மென்பொருள் எதுவானாலும், திறந்தவுடன் நடுவில் என்ன எழுத வேண்டும் என்றுதான் முதலில் கேட்கும். நாமும் வாயில் வந்ததை எழுதிவிடுகிறோம். அதன் பிறகு வரும் யோசனைகள் எல்லாம் அந்த வட்டத்துக்குப் பதில் சொல்லவே ஓடிவருகின்றன. வட்டம் சரியா என்று ஒருவரும் கேட்பதில்லை. பெரியவரின் பேச்சிலிருந்து கிடைத்த கேள்வி வேறு: அறுவடை முடிந்ததும் ஏன் எல்லோரும் ஒரே நேரத்தில் வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டையை இறக்குகிறோம்? இப்படிக் கேட்டவுடன் விளம்பரக் கிளை உதிர்ந்துவிட்டது. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், புகை போட்டுப் பரணில் வைக்க இடம் போதாமை, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் ஆகியவை மேலே வந்தன. அதனால் இப்போதெல்லாம் கணினியைத் திறப்பதற்கு முன் ஒரே சிக்கலை ஐந்து விதமான கேள்விகளாகத் தாளில் எழுதச் சொல்கிறேன். ஐந்தாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் உயிர் இருக்கிறது.

மரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு கிளைக்கு ஒரே ஒரு தாய்தான் இருக்க முடியும். முன்பணக் கடனை எங்கே வைப்பது? அவசரமாக விற்பதற்கும் அதுவே காரணம். பரண் கட்டப் பணம் இல்லாததற்கும் அதுவே காரணம். காரணங்கள் பின்னிக் கிடக்கும் இடத்தில், அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் நோவாக் 1970-களில் உருவாக்கிய கருத்துப் படம் பொருந்தும். எந்தப் பெட்டியிலிருந்தும் எந்தப் பெட்டிக்கும் கோடு இழுக்கலாம். கோட்டின் மேல் ‘இதனால்’, ‘இது தடுக்கிறது’ என்று எழுதியாக வேண்டும். அந்தச் சொல்லை எழுத முடியாமல் திணறுகிறீர்கள் என்றால், அங்கே தொடர்பு இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். இதற்கு சிமேப் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, தலைப்புகளை முன்கூட்டியே போடுவது. திரையில் ‘நிதி’, ‘சந்தை’, ‘தொழில்நுட்பம்’ என்று மூன்று கட்டங்களைப் போட்டுவிட்டு, மக்கள் சொல்வதை அவற்றுக்குள் அடைக்கிறார்கள். ஜப்பானிய மானிடவியலாளர் கவாக்கிதா ஜிரோ இதை நேர்மாறாகச் செய்தார். நேபாளத்து மலைக் கிராமங்களில் சேர்த்த குறிப்புகள் குவிந்து கிடந்தபோது, ஒவ்வொன்றையும் தனி அட்டையில் எழுதி, பரப்பி வைத்து, எது எதோடு சேரத் துடிக்கிறது என்று பார்த்தார். கூட்டம் சேர்ந்த பிறகுதான் பெயர் வைத்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் அது கேஜே முறை எனப்படுகிறது. மலையில் பிறந்த முறை என்பதால் எனக்குக் கூடுதல் பாசம். கணினியிலும் இதைச் செய்யலாம்: வெள்ளைப் பலகைச் செயலியில் சிறு சீட்டுகளை இறைத்துவிட்டு, தலைப்புகளைக் கடைசிவரை ஒத்திப்போடுங்கள். எதோடும் ஒட்டாத சீட்டை ‘இதர’ என்ற மூட்டையில் கட்டிவிடாதீர்கள். “விதைப்பூண்டைத் தங்கையிடம் கொடுத்து வைக்கிறேன்” என்று ஒரு பெண் சொன்ன சீட்டு அன்று தனியாகக் கிடந்தது. பூண்டை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் சேமித்து வைக்கலாம் என்ற எண்ணத்துக்கு விதை அங்கேதான் இருந்தது.

கூட்டத்தில் ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர்கள் முறை வரக் காத்திருப்பது அடுத்த பிழை. சேர்ந்து யோசித்தால் எண்ணங்கள் பெருகும் என்று 1953-ல் விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் எழுதினார்; உலகம் நம்பியது. 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, தனித்தனியே யோசித்த நால்வரின் எண்ணங்களைக் கூட்டினால், சேர்ந்து உட்கார்ந்த நால்வர் சொன்னதை விட அதிகமாக இருந்தது. 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் காட்டிய முக்கியக் காரணம் எளிமையானது: ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், காத்திருக்கையில் எண்ணம் நழுவிவிடுகிறது. எனவே முதல் பத்து நிமிடம் எல்லோரும் அவரவர் சீட்டில், அவரவர் கைபேசியில், மௌனமாக எழுதட்டும். எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் பெண்கள் பேசுவதை விட எழுதுவது அதிகம் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

இனி, செயற்கை நுண்ணறிவு. அதைக் கேட்பதில் தவறில்லை. முதலில் கேட்பதுதான் தவறு. 1991-ல் ஜான்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள், சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, சிலருக்கு மட்டும் குறையுள்ள ஒரு மாதிரியைக் காட்டினார்கள். உறிஞ்சுகுழல் வைக்கக் கூடாது என்று சொல்லியும், மாதிரியைப் பார்த்தவர்களில் சிலர் அதிலிருந்த உறிஞ்சுகுழலைத் தங்கள் வரைபடத்துக்குள் கொண்டுவந்தார்கள். கண்ணில் பட்டது கையை விடாது. செயலி ஒரு நொடியில் பத்து யோசனைகளைக் கொட்டும்போது நமக்கும் அதே கதிதான். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், செயற்கை நுண்ணறிவு தந்த கருவைக் கொண்டு எழுதிய சிறுகதைகள் தனித்தனியே நன்றாக மதிப்பிடப்பட்டன. ஆனால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போயின. நான் பூண்டைப் பற்றிக் கேட்டபோது, ஒரு பொருள் இந்த ஊருக்கே உரியது என்று சட்டப்படி அங்கீகரிக்கும் புவிசார் குறியீட்டைப் பெற முயலுங்கள் என்று பரிவோடு ஆலோசனை வந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு அது 2019-லேயே கிடைத்துவிட்டது. உங்கள் பட்டியலை முடித்த பிறகு, “இது எந்த இடத்தில் உடையும்?” என்று அதனிடம் கேளுங்கள். யோசனை சொல்வதை விடக் குறை கண்டுபிடிப்பதில் அது எனக்கு உதவியிருக்கிறது.

எக்செல் தாளில் ஒவ்வொரு வழிக்கும் மதிப்பெண் போட்டு முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மனதுக்குப் பிடித்த வழி மேலே வரும்வரை எண்களை மாற்றும் பழக்கம் எனக்கும் உண்டு. செலவு எவ்வளவு முக்கியம் என்று கொடுத்த எடையை 30-லிருந்து 25 ஆக்கினால் முதலிடம் மாறிவிடுகிறதா? அப்படியென்றால் தாள் இன்னும் எதையும் தீர்மானிக்கவில்லை.

மேல்மலையில் மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் சொல்லாமல் போகும். ஃப்ரீபிளேன் போல இணையம் இல்லாமல் இயங்கும் மைண்ட் மேப் மென்பொருள் ஒன்றைக் கணினியில் வைத்திருங்கள். தாள் அட்டைகளோடு உட்கார்ந்தால் கலைப்பதற்கு முன் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் காற்றில் அட்டைகள் பறந்துவிடும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூண்டு வைத்தால் போதும்.