ட்ரெயின் பையில் பால் மாதிரி நீர் வடிகிறதா? நிணக்குழாயை ஊசி வழியே அடைக்கும் சிகிச்சைக்குத் தயாராவது எப்படி

உணவுக்குழாய் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, டியூப் வழியே சாப்பாடு கொடுக்க ஆரம்பித்த ஓரிரு நாளில், நெஞ்சில் நீர் வடியப் போட்டிருக்கும் ட்ரெயின் குழாயில் வரும் நீர் திடீரென்று வெள்ளையாக மாறினால் வீட்டில் எல்லோரும் சீழ் என்று பயந்துபோவார்கள். பல நேரம் அது சீழ் இல்லை, கைல், அதாவது கொழுப்பு கலந்த பால் போன்ற நிணநீர். குடல் உறிஞ்சும் கொழுப்பைச் சுமந்துகொண்டு வயிற்றிலிருந்து முதுகெலும்பை ஒட்டியே மேலேறி, இடது கழுத்தடியில் ரத்தக்குழாயில் சேரும் தொராசிக் டக்ட் என்ற மெல்லிய நிணக்குழாயில் ஆபரேஷனின்போது காயம் பட்டிருக்கும். சில மில்லிமீட்டர் அகலம்தான், ஆனால் தினமும் 2 லிட்டர் அளவுக்கு அதில் ஓடும். கழுத்து ஆபரேஷன், இதய ஆபரேஷன், விபத்து, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று வேறு காரணங்களாலும் இது வரும்.

முதல் வேலை, அந்த நீரில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைல்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். 50-க்குக் கீழே என்றால் அநேகமாக இல்லை. நடுவில் இருந்தால் குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்துவரும் கைலோமைக்ரான் என்ற நுண்துகள் இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: கொழுப்பை நிறுத்தியவுடன் நீர் தெளிவாகிவிடும், ஆனால் கசிவு நின்றிருக்காது. ஆகவே நிறத்தைப் பார்த்து நிம்மதி அடையாமல் 24 மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். சிகிச்சை முடிவுகள் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான் எடுக்கப்படும்.

அடுத்து சாப்பாடு. வாயால் சாப்பிட அனுமதி இருந்தால் எண்ணெய் தடவாத இட்லி, தாளிக்காத பருப்புத் தண்ணீர், ஆடை நீக்கிய பாலில் உறையூற்றிய மோர், முட்டையின் வெள்ளைக்கரு போன்றவை போதும். தேங்காய்ச் சட்னியும் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் நிணக்குழாய்க்குப் போகாமல் நேராக ரத்தத்தில் சேரும் எம்.சி.டி. எண்ணெய் எழுதிக் கொடுத்தால் அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள், கூடாது, ஏனென்றால் தேங்காய் எண்ணெயில் அதிகம் இருக்கும் லாரிக் அமிலத்தில் ஒரு பகுதி நிணக்குழாய் வழியாகவேதான் போகும். கசிவு அதிகம் என்றால் வாய்வழி உணவையே நிறுத்தி ரத்தக்குழாய் வழியே சத்து ஏற்றுவார்கள், கசிவைக் குறைக்க ஆக்ட்ரியோடைட் ஊசியும் போடுவதுண்டு.

இதில் சிலருக்குத் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால் நாள் கடத்துவதுதான் ஆபத்து. கைலோடு சேர்ந்து புரதம், கொழுப்பு, நோய் எதிர்ப்பு அணுக்கள் எல்லாம் போகின்றன, ஆபரேஷனில் ஏற்கெனவே இளைத்துப்போனவர் இன்னும் துவண்டு கிருமித்தொற்றுக்கு ஆளாவார். ஒரு நாளில் 1 லிட்டருக்கு மேல் போனாலோ, ஒரு வாரம் கண்டிப்பாகப் பத்தியம் இருந்தும் அளவு இறங்காவிட்டாலோ, "இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டரிடம் ஒரு ஒப்பீனியன் வாங்கலாமா சார்?" என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். ஸ்கேன், எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே ஊசி வழியே சிகிச்சை செய்பவர் அவர். கேட்பதில் தப்பே இல்லை. திரும்பவும் நெஞ்சைத் திறந்து குழாயைக் கட்டுவது ஒரு வழி, அதைத் தாங்கும் உடம்பு எல்லோருக்கும் இருக்காது.

ஊசி வழியே அடைக்கும் முறையை 1990-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டின் கோப் கொண்டுவந்தார். அவருக்குப் பின் அங்கேயே மாக்சிம் இட்கின் குழு 2010-இல் 109 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. குழாயை முறையாக அடைக்க முடிந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்குக் கசிவு நின்றது.

இதைச் செய்யும் எக்ஸ்ரே வசதியுள்ள அறையான கேத் லேபில் என்ன நடக்கும்? பெரியவர்களுக்குப் பொதுவாக மரப்பு ஊசியும் லேசான மயக்கமும்தான், குழந்தைகளுக்கு முழு மயக்கம். முதலில் இரண்டு பக்கத் தொடை இடுக்கிலும் இயல்பாகவே இருக்கும் நிணநீர் முடிச்சை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைச் செருகி, லிப்பியோடால் என்ற எண்ணெய் மருந்தை மிக மெதுவாகச் செலுத்துவார்கள். கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்துச் செய்தது அது. எக்ஸ்ரே திரையில் அது முத்துமுத்தாக இடுப்பு வழியே ஏறி வயிற்றின் பின்புறம் வந்து சேர நேரம் எடுக்கும், அவசரப்படுத்த முடியாது. ஒன்றிரண்டு மணி நேரம் கதவு திறக்கவில்லையே என்று வெளியே பதறாதீர்கள். அங்கே குழாய் தெரிந்ததும் வயிற்றின் முன்பக்கத்திலிருந்து நீளமான மெல்லிய ஊசியால் அதைக் குத்தி, உள்ளே கம்பி விட்டு, அதன் மேல் மைக்ரோகதீட்டர் என்ற மிக மெல்லிய குழாயை ஏற்றிக் கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு சின்னச் சின்ன பிளாட்டினம் சுருள்களை வைத்து, அவற்றின் மேல் மருத்துவப் பசையை விடுவார்கள். அந்தப் பசை உப்புநீர் பட்டால் உடனே உறைந்துவிடும் என்பதால் கதீட்டரை முதலில் குளுக்கோஸ் நீரால் கழுவுவார்கள், பசை விட்டதும் சட்டென்று உருவி எடுப்பார்கள். ஊசி வழியில் குடலையோ கல்லீரலையோ கடந்து போகலாம், மெல்லியது என்பதால் பெரும்பாலும் தொந்தரவு வராது, ஆன்டிபயாடிக் முன்கூட்டியே போடுவார்கள்.

குழாய் மிகச் சிறியதாக இருந்து கதீட்டர் ஏறாவிட்டால் ஊசியாலேயே அதைக் குத்திச் சிதைப்பது, இடது கை ரத்தக்குழாய் வழியே பின்னோக்கி நுழைவது என்று வேறு வழிகள் உண்டு. லிப்பியோடால் போட்டதிலேயே கசிவு நின்றுபோனவர்களும் இருக்கிறார்கள்.

போவதற்கு முன் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா, நுரையீரல் மிகவும் மோசமா, அயோடின் அலர்ஜி அல்லது தைராய்டு உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா. இதில் இதய ஓட்டையை விட்டுவிடாதீர்கள். எண்ணெயில் கொஞ்சம் நுரையீரலுக்குப் போவது வழக்கம்தான், ஆனால் ஓட்டை இருந்தால் அது மூளைக்குப் போய்விடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லும் நாளில் நிறுத்துங்கள்.

குழாயை அடைத்துவிட்டால் நிணநீர் எங்கே போகும் என்ற கவலை நியாயமானதுதான். பக்கத்துச் சின்னக் குழாய்கள் வழியே பெரும்பாலும் போய்விடும். ஒரு சிலருக்கு மட்டும் பின்னாளில் கால் வீக்கமோ விடாத வயிற்றுப்போக்கோ வரலாம், வந்தால் இந்தச் சிகிச்சை நடந்ததைச் சொல்லியே டாக்டரைப் பாருங்கள்.

சிகிச்சைக்குப் பின்னும் அந்த நோட்டை விட்டுவிடாதீர்கள். அளவு சில நாளில் சரசரவென்று இறங்க வேண்டும். இறங்கியதும் கொழுப்புள்ள உணவைக் கொடுத்துப் பார்த்து, அப்போதும் நீர் வெள்ளையாகாமல் அளவும் கூடாமல் இருந்தால்தான் ட்ரெயினை எடுப்பார்கள். அதற்கு முன் வீட்டுச் சாப்பாட்டை ஆசையாகக் கொண்டுபோய் ஊட்டிவிட வேண்டாம்.