கேரவனில் வடசென்னை: எங்கே நிறுத்துவது, எங்கே இறங்கி நடப்பது

வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து, படுக்கையும் கழிவறையும் உள்ள கேரவன் வண்டியில் வடசென்னையைச் சுற்றப் போகிறீர்களா? கேரவனோடு தம்புச் செட்டித் தெருவுக்குள் நுழைய நினைக்காதீர்கள். ஆறேழு மீட்டர் நீள வண்டி ஜார்ஜ் டவுன் சந்துகளில் திரும்ப முடியாது. மீன்பாடி வண்டி, லோடு ஆட்டோ, கைவண்டி எல்லாம் ஒரே தெருவில் நெருக்கியடிக்கும் பேட்டை அது. வடசென்னையைப் பொறுத்தவரை கேரவன் ஒரு வீடு. அதை வடக்கு ஓரமாக நிறுத்திவிட்டு ஊருக்குள் மெட்ரோவில் போய்வாருங்கள். வண்டியோடு போகவேண்டிய இடங்கள் வேறு: மீஞ்சூர் பக்கத்து மேலூர், திருமுல்லைவாயில், பழவேற்காடு.

வாடகை பேசும்போது முதலில் நம்பர் பிளேட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஓட்டும் வண்டி. கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்களே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டி. அதற்கு உங்கள் நாட்டு லைசென்சோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு எடுத்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது சந்தேகம். டிரைவரோடு எடுப்பதே நிம்மதி. அவருடைய பேட்டாவையும் இரவில் அவர் எங்கே படுப்பார் என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். வண்டி ஓடும்போது குழந்தைகளைப் பெர்த்தில் படுக்கவைக்காதீர்கள். எத்தனை பேரோ அத்தனை சீட் பெல்ட் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

பலரும் ஏமாறுவது ஏசியில்தான். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட் மின்சாரம். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக, கையில் கிடைப்பது 0.9 யூனிட். ஒரு டன் ஏசி முழு வேகத்தில் மணிக்கு ஒரு யூனிட்டுக்குப் பக்கமாக இழுக்கும். அதாவது எஞ்சினை அணைத்தபின் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ராத்திரி தூங்க வேண்டுமானால் வெளியிலிருந்து கரண்ட் கட்டாயம். 16 ஆம்பியர் பவர் பிளக், 20 மீட்டர் நீளத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி ஒயர், இரண்டும் வண்டியிலேயே இருக்கட்டும். டேபிள் ஃபேனுக்குப் போடும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடேறி உருகிவிடும். எர்த் சரியில்லாத பிளக்கில் செருகினால், கசிவு ஏற்படும்போது வண்டியின் தகடே ஷாக் அடிக்கும். உள்ளூர் எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து எர்த்தைச் சோதித்த பிறகே இணைப்புக் கொடுங்கள்.

இரவு நிறுத்த நல்ல இடம் கல்யாண மண்டபம். முகூர்த்தமில்லாத நாளில் வாசல் காலியாக இருக்கும். தண்ணீர், கழிவறை, பவர் பிளக், வாட்ச்மேன் எல்லாம் இருக்கும். பஞ்சாங்கத்தில் முகூர்த்த நாளைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் பேசுங்கள். மெட்ரோ ஸ்டேஷன் உள்ள விம்கோ நகருக்கும் அதற்கு வடக்கே மீஞ்சூருக்கும் இடையே தேடுவது வசதி. மெட்ரோ பார்க்கிங்கை நம்பி வராதீர்கள், இந்த அளவு வண்டிக்கு அங்கே இடமிருக்காது. குடிக்க 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீர் குளிக்கவும் கழுவவும் மட்டும். கழிவுத் தொட்டியை மழைநீர் வடிகாலில் திறந்துவிடவே கூடாது. அது கால்வாய்க்கும் அங்கிருந்து கடலுக்கும்தான் போகும், அந்தக் கடலை நம்பித்தான் இங்கே பல குப்பங்கள் பிழைக்கின்றன. கழற்றி எடுக்கும் கேசட் வகை டாய்லெட் என்றால் மண்டபத்துக் கழிவறையிலேயே கொட்டிக் கழுவலாம்.

ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது நகரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரவேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் போய் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நேராக மீஞ்சூர். டோல் உண்டு, பாஸ்டேக்கில் (டோல் கட்டணம் தானாகக் கழியும் கண்ணாடி ஸ்டிக்கர்) பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்காக வரிசை கட்டும். கூரை ஏசியையும் சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். ரயில்வே சுரங்கப்பாதை வாசலில் எழுதியிருக்கும் உயரத்தோடு ஒப்பிட அது உதவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். வியாசர்பாடி கணேசபுரம் போன்ற சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஜனவரி, பிப்ரவரிதான் வர உகந்த மாதங்கள்.

ஜார்ஜ் டவுனுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கினால் புனித ஜார்ஜ் கோட்டை பக்கம். உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் அசல் அடையாள அட்டை வேண்டும். 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தில்தான் 1753இல் ராபர்ட் கிளைவுக்குத் திருமணம் நடந்தது. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களுக்கு நினைவுச் சின்னங்களில் இந்தியர் கட்டணம்தான்; கார்டைக் கவுன்டரில் நீட்டாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள்.

அங்கிருந்து தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்கு நடந்தே போகலாம். சத்ரபதி சிவாஜி 1677இல் வந்து வணங்கியதாகக் கோயிலில் பொறித்துவைத்திருக்கிறார்கள். அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் கட்டப்பட்ட ஆர்மீனியர் தேவாலயம், அதன் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். கோயில்கள் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்திவிடும், நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். ஆகவே கந்தகோட்டம் முருகன் கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வள்ளலார் சிறுவயதில் பாடிய முருகன் இவர்; அவர் வாழ்ந்த ஏழு கிணறு வீராசாமித் தெரு வீடும் பக்கத்தில்தான். இதைக் குழந்தைகளுக்குச் சொல்லி அழைத்துப் போங்கள். அப்போது அது அவர்களுக்கு வெறும் சந்தாகத் தெரியாது. சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடலாம். அதில் பச்சை முட்டைகோஸும் வெங்காயமும் உண்டு; வந்திறங்கிய முதல் வாரத்தில் குழந்தைகளுக்கு வேண்டாம்.

வண்டி தன் வேலையைக் காட்டுவது மூன்று அம்மன் தரிசனத்தில். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்பது மரபு. மூவரும் முறையே இச்சா, ஞான, கிரியா சக்திகள். பௌர்ணமியும் வெள்ளியும் கூடும் நாளில் கூட்டம் தள்ளும். வயதானவர்கள் உடன் இருந்தால் சாதாரண நாளே போதும். திருவொற்றியூரில் நடை சாத்துமுன் போய்ச் சேர வேண்டுமென்றால் மேலூரை எட்டு மணிக்குள் முடியுங்கள். சன்னதித் தெருவில் நிறுத்த இடம் கிடைக்காது. டிரைவரைத் தள்ளி நிற்கச் சொல்லி ஆட்டோவில் போங்கள். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம் இது. கருவறை லிங்கத்தின் கவசம் கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டுமே திறக்கப்படும். மதியம் மணலி, மாதவரம், ரெட்டேரி, பாடி வழியாகத் திருமுல்லைவாயில். அங்கே சன்னதி முன் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்களைக் காட்டாமல் குழந்தைகளை வெளியே கூட்டி வராதீர்கள்.

பழவேற்காட்டுக்குப் பொன்னேரி வழி. விடியும் முன் கிளம்பினால் வெயிலுக்கு முன் டச்சுக் கல்லறைகளைப் பார்த்துவிடலாம். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கும். குளிர்காலத்தில் ஏரியில் பூநாரை வரும். பைனாகுலர் வைத்துக் கரையிலிருந்தே பாருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் தராத படகில், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், குடும்பத்தை ஏற்றாதீர்கள்.