கதவில் நோட்டீஸ் ஒட்டியாச்சா? முன்சீப் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள்

“முன்சீப் கோர்ட்டுல ஒரு ஸ்டே வாங்கி நிப்பாட்டிரலாம்லா அண்ணாச்சி?”

பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் செய்யும் என்னிடம், அடமானம் வைத்த வீட்டுக் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டிய பிறகு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். முடியாது. அடமானச் சொத்தை எடுத்து வங்கி கடனை வசூலிக்க வழிசெய்யும் 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டத்தின் 34-ஆவது பிரிவு, வங்கிக் கடன் வழக்குகளுக்கென்றே இருக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டிய விஷயத்தில் சிவில் நீதிமன்றம் வழக்கை எடுக்கவும் கூடாது, தடை உத்தரவு போடவும் கூடாது என்கிறது. வங்கியின் நடவடிக்கையே மோசடி என்றால் மட்டும் ஒரு சின்ன வாசல் உண்டு. 2004 மார்டியா கெமிக்கல்ஸ் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விட்டுவைத்த வாசல் அது. வட்டிக் கணக்குத் தகராறெல்லாம் அதற்குள் நுழையாது.

போக வேண்டிய இடம் மதுரையில் இருக்கும் அந்தத் தீர்ப்பாயம். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து அதற்கு 45 நாள்தான் அவகாசம். இங்கே பெரிய வழக்கு போட்டு, வாய்தா வாங்கி, கடைசியில் அதிகாரம் இல்லை என்று மனு திரும்பி வரும்போது அந்த 45 நாளும் போயிருக்கும்.

“சாவி என் கையிலதான இருக்கு, அவங்க எங்க எடுத்தாங்க?” என்பது இன்னொரு தவறு. சுவாதீனம் எடுத்ததாக அறிவித்து நோட்டீஸ் ஒட்டுவதே சட்டப்படி ஒரு நடவடிக்கைதான். அப்போதே தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூட்டை உடைக்க வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

உண்மையில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது அதற்கும் முந்தைய 60 நாள். கடனைக் கட்டச் சொல்லி 60 நாள் அவகாசம் தரும் முதல் நோட்டீஸ் வந்ததும் அதை அலமாரியில் செருகி வைத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், வங்கி அதை ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை மட்டும் வைத்துத் தீர்ப்பாயத்தை அணுக முடியாது, சரி. ஆனால் பின்னால் நடக்கும் விசாரணையில் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் அதுதான்.

விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று அம்பாசமுத்திரம், களக்காடு பக்கமிருந்து வருகிறவர்கள் நம்பிக்கையோடு சொல்வார்கள். பாதிதான் சரி. பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் போதாது. நிலத்தின் தன்மை என்ன, உண்மையில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2018-இல் இந்தியன் வங்கி சம்பந்தப்பட்ட தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாழை நிற்கிறது என்றால் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் அது ஏறியிருக்கட்டும். வயலைத் திருத்தி அரிசி ஆலை கட்டிவிட்டு நஞ்சை என்று வாதாடினால் நிற்காது.

சிவில் கோர்ட்டு அடியோடு மூடிக்கிடக்கவும் இல்லை. கடனே வாங்காத ஒருவர், தன் சொத்தை வேறொருவர் விற்றதும் அடமானம் வைத்ததும் செல்லாது என்று கேட்டால், அந்த உரிமைப் பிரச்சினையை சிவில் நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கடன் வாங்கியவரே அக்கா தங்கையைத் தூண்டிவிட்டு வழக்குப் போட வைப்பது வேறு கதை, தயவுசெய்து செய்யாதீர்கள்.

வங்கிக்கு சுவாதீனம் எடுத்துக் கொடுக்க உத்தரவிடும் கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ போய்க் கடன் கணக்கைப் பேசிப் பயனில்லை; அதை விசாரிப்பது அவர்கள் வேலை அல்ல. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போட்டாலும் பெரும்பாலும் தீர்ப்பாயத்துக்கே போகச் சொல்வார்கள்.

பணம் திரட்ட முடிந்தவர்கள் ஏல நாள்வரை இழுக்காதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுப் பாக்கியையும் கட்டினால்தான் சொத்தை மீட்கும் உரிமை நிற்கும்.

அப்புறம், நோட்டீஸ் வந்த தபால் உறையைத் தூக்கிப் போட வேண்டாம். கதவில் ஒட்டியிருந்தால் கிழிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.