ரேக் அடிக்கும் முன் எடை மேடை: வேலை வண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சியில் இருந்துகொண்டு கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கேரள எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரை வேலைக்குப் போகிற பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் பலரிடம் இன்று ஒரு குட்டியானையோ (டாடா ஏஸ்) ஈக்கோ கார்கோ வேனோ நிற்கிறது. வண்டி வாங்கிய சூட்டோடு வெல்டிங் பட்டறையில் விட்டு, "நல்லா கெட்டியா அடிச்சுக் குடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கம். அப்படிச் சொன்னால் அவர் கையில் இருப்பதிலேயே கனமான இரும்பைத்தான் எடுப்பார். அவர்மேல் குற்றமில்லை, எடைக் கணக்கைப் போட்டுக்கொண்டு போக வேண்டியது வண்டிக்காரர்.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: வண்டியின் வெற்று எடை, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்கு மிச்சம். ஓட்டுநர், ஹெல்பர், கூண்டு, ரேக், டூல்ஸ், சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கழித்தால் 650 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் இருவர் 140 கிலோ. 2.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்துக்கு 1.2 மி.மீ. இரும்பு ஷீட்டில் மூடிய கூண்டு போட்டால் ஷீட் மட்டும் சுமார் 135 கிலோ; அதன் விளிம்புகளுக்கு 40-க்கு 40, 5 மி.மீ. ஆங்கிள் போட்டால் இன்னும் 60 கிலோவுக்கு மேல். உள்ளே 18 மி.மீ. பிளைவுட் ஆறு ஷீட் போனால் 210 கிலோ. ஒரு ஸ்பேனர்கூட ஏறவில்லை, அதற்குள் 550 கிலோ போய்விட்டது. மீதி 100 கிலோவில் ஒன்றரை டன் ஏசியின் அவுட்டோர் யூனிட், கோர் கட்டிங் மெஷின் (சுவரில் வட்ட ஓட்டை போடுவது), டூல் பெட்டி ஏற்றினால் வேறொன்றும் ஏறாது. ஆனால் யாரும் அங்கே நிறுத்துவதில்லை.

அதே கூண்டை 2 மி.மீ. அலுமினிய ஷீட், 25-க்கு 25, 3 மி.மீ. இரும்பு ஆங்கிளில் செய்து, நடுவில் தாங்கலுக்கு இரண்டு வளையம் சேர்த்து, ரேக்கை 12 மி.மீ. பிளைவுட்டில் நான்கே ஷீட்டுக்குள் முடித்தால் கிட்டத்தட்ட 200 கிலோ மிச்சமாகும். அலுமினியமும் இரும்பும் நேராகத் தொடக்கூடாது. மழையீரம் பட்டால் தொடும் இடம் அரித்துவிடும். நடுவில் பெயின்ட்டும் ரப்பர் டேப்பும் கொடுத்து ரிவெட் அடிக்க வேண்டும். பிளைவுட் ஐ.எஸ். 710 தரமாக (தண்ணீர் தாங்கும் மரைன் பிளை) இருக்கட்டும். ஐ.எஸ். 303-இன் சாதா ரகம் இரண்டு ஆடியில் உரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் எடை மேடையில் முன் சக்கரத்தைத் தனியாக, பின் சக்கரத்தைத் தனியாக, பிறகு முழு வண்டியையும் நிறுத்திப் பாருங்கள். பாரம் பின் ஆக்சிலுக்குப் பின்னால் குவிந்தால் முன் சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் ஸ்டீயரிங் பிடி தளரும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அங்கே இதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆசை வேண்டாம்.

சட்டம் எங்கே பிடிக்கும்

திறந்த வண்டிக்கு மூடிய கூண்டு போட்டால் பாடி வகையும் வெற்று எடையும் மாறுகின்றன. அதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. வண்டி மாற்றங்களில் கேரள அதிகாரிகள் கண்டிப்பானவர்கள் என்பது டி.என். 41 (பொள்ளாச்சிப் பதிவு) போர்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. பக்கவாட்டிலோ பின்னாலோ சாமான் நீட்டிக்கொண்டிருந்தாலும் ரூ.20,000.

ஆகவே 6 மீட்டர் ஜி.ஐ. பைப்பைக் குட்டியானையில் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள். கடையிலேயே வெட்டித் திரெட் போட்டு வாங்கலாம். இல்லையென்றால் கடை வண்டியில் நேராக வேலையிடத்துக்கே இறக்கச் சொல்லலாம். சிவப்புத் துணி கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது பழைய காலத்து நம்பிக்கை.

ஓட்டை போடுவதற்கு முன் கீழே குனிந்து பாருங்கள்

தளத்துக்கு அடியில் பிரேக் பைப், எரிபொருள் குழாய், வயரிங், சி.என்.ஜி. வண்டியானால் டேங்கும் இருக்கும். மேலிருந்து டிரில்லை இறக்கும் முன் கீழே படுத்துப் பார்த்துக் குறி வைக்க வேண்டும். ரேக்கின் காலை வெறும் செல்ஃப் ஸ்க்ரூவில் பிடிக்கக் கூடாது. மெல்லிய தகட்டில் அது அதிர்விலேயே கழன்று வரும். எம்-8 போல்ட்டை முழுதாக ஊடுருவவிட்டு, அடியில் 50-க்கு 50, 3 மி.மீ. தகட்டு வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) போடுங்கள். கைக்கு எட்டாத இடத்தில் ரிவ்நட் (மேல்பக்கமிருந்தே பிடிக்கும் நட்). ஓட்டையின் விளிம்பில் துத்தநாக பிரைமர் அடித்து சீலன்ட் வைத்த பிறகே போல்ட் இறங்க வேண்டும். முதல் 500 கிலோமீட்டரில் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

சேசிஸில் வெல்டிங் கூடவே கூடாது. பாடியில் தவிர்க்க முடியாமல் வைக்க நேர்ந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போகும், அதற்காகும் செலவில் இன்னொரு ரேக் அடித்துவிடலாம்.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மழையைக் கிடைமட்டமாகவே அடிக்கும். தளத்தின் வடிகால் ஓட்டைகளைப் பிளைவுட்டும் ரப்பர் மேட்டும் போட்டு மூடிவிடுவதுதான் வண்டி அடியிலிருந்து துருப்பிடிக்க முதல் காரணம்.

எது எங்கே

முதல் நாளே ரேக் அளவு கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் 600-க்கு 400 மி.மீ. பிளாஸ்டிக் கிரேட்டுகளில் சாமானைப் போட்டு ஓட்டுங்கள். தினமும் கை போகிற கிரேட் எது, வாரம் ஒருமுறைகூடத் தொடாதது எது என்று தெரிந்துவிடும். பின்னது வண்டியில் இருக்கவே வேண்டாம். அளவெடுக்கும்போது உள் அகலத்தை மட்டும் பார்த்துவிட்டு வீல் ஆர்ச்சையும் கதவு வாயையும் மறப்பவர்கள் ஏராளம். அடித்து முடித்த ரேக் கதவுக்குள் நுழையாமல் வாசலில் நிற்கும்.

கனமானது கீழே, பின் ஆக்சிலுக்கு முன்னால், இடமும் வலமும் சமமாக. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் 40 மி.மீ. தடுப்பு. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பித் தடுப்பு கட்டாயம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போய் மோதினால், பின்னால் கட்டாமல் கிடக்கும் டிரில் மெஷின் சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் உங்கள் பிடரிக்கு வரும்.

கரன்ட்டும் கேஸும்

வண்டி பேட்டரியில் 1,000 வாட் இன்வர்ட்டர் மாட்டுபவர்கள் வயரில் காசு மிச்சம் பிடிப்பார்கள். 12 வோல்ட்டில் 1,000 வாட் என்றால், இன்வர்ட்டரின் இழப்பையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 100 ஆம்பியர். பேட்டரியிலிருந்து 3 மீட்டருக்கு 4 சதுர மி.மீ. வயர் இழுத்தால், போக வர 6 மீட்டரில் இரண்டரை வோல்ட் வழியிலேயே போகும். இன்வர்ட்டர் கத்திக்கொண்டே நின்றுவிடும், வயரும் உருகும். 25 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள். பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். தகட்டைத் துளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் குரோமெட். ஸ்டார்ட்டிங் பேட்டரியை இதற்காக வடித்தெடுத்தால் சீக்கிரமே சாகும். தனி பேட்டரி வையுங்கள். உள்ளதைச் சொன்னால், 18 வோல்ட் பேட்டரி டூல்ஸ் வைத்திருப்பவருக்கு இன்வர்ட்டரே தேவையில்லை.

இன்வர்ட்டர் இருக்கும் பெட்டியில் பி.வி.சி. சால்வென்ட் டின் வைக்காதீர்கள். மார்ச் மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் அதன் ஆவி நிறைந்து கிடக்கும், ரிலே பொறி ஒன்று போதும். எல்.பி.ஜி., ஏசியில் ஏற்றும் ஆர்-32 கேஸ் இரண்டும் எரியக்கூடியவை, காற்றைவிடக் கனமானவை; கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் காற்றுப்போக்கு ஓட்டை தளத்தை ஒட்டி இருக்க வேண்டும். கூரையில் மட்டும் ஃபேன் வைத்தால் பயனில்லை. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும், மேலும் கீழுமாக இரண்டு பட்டை கட்டுங்கள், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அசிட்டிலீனைப் படுக்கப்போட்டால் உள்ளிருக்கும் அசிட்டோனும் சேர்ந்து வெளியே வரும். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்க் கையே படக்கூடாது.

எல்லை தாண்டுகிறவர்களுக்கு இன்னொன்று. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு 66-ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை என்றாலும், சாமானுக்குக் கணக்கு உண்டு. இரண்டு புது ஏசி ஏற்றினாலே மதிப்பு ரூ.50,000-ஐத் தாண்டிவிடும், பில்லோடு இ-வே பில் (ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும். கடைசி நேரத்தில் வேறு வண்டியில் மாற்றி ஏற்றினால், இ-வே பில்லின் பார்ட்-பி பகுதியில் வண்டி எண்ணையும் மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.