குடும்ப விடுதிக் குழுமத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: லூசர்ன் ஏரிக்கரையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

ஏரிக்கரையில் தலைமுறைகளாக விடுதி நடத்தும் குடும்பம் ஒன்று தன் வரலாற்றை எழுதித்தரச் சொல்லும்போது, நிறுவனரின் புகைப்படத்தையும் அவர் வெறுங்கையோடு தொடங்கிய கதையையுமே முதலில் எடுத்துக் கொடுக்கும். அவற்றை நன்றியுடன் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கட்டடத்துக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என மூன்று காலவரிசைகளைத் தனித்தனியே எழுதத் தொடங்குங்கள். மூன்றும் ஒரே பெயரில் வழங்கினாலும் மூன்றுக்கும் வயது ஒன்றல்ல. இவற்றைக் கலந்துவிடுவதுதான் இவ்வகை நூல்களில் காணும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

ஸ்விட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் ஏரியைப் பார்த்து நிற்கும் ஷ்வைட்சர்ஹோஃப் விடுதி 1845இல் திறக்கப்பட்டது. இன்றுவரை அதை வைத்திருக்கும் ஹவுசர் குடும்பத்தின் கைக்கு அது வந்தது 1861இல்தான். டால்ஸ்டாய் அங்கே தங்கியது 1857ஆம் ஆண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தங்கியிருந்து தம் இசைநாடகம் ஒன்றை எழுதி முடித்தது 1859ஆம் ஆண்டு. ஆகவே அவ்விருவரும் அந்தக் கட்டடத்தின் விருந்தினர்களே தவிர, ஹவுசர் குடும்பத்தின் விருந்தினர்கள் அல்லர். மூன்று காலவரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது ஒரு நொடியில் புலப்படும். வைக்காவிட்டால், 'எங்கள் முன்னோர் டால்ஸ்டாயை உபசரித்தார்கள்' என்ற வாக்கியம் யாருக்கும் தெரியாமல் நூலுக்குள் நுழைந்துவிடும். தவிர, டால்ஸ்டாய் தங்கினார் என்பதோடு நிறுத்துவதும் நேர்மையாகாது. விடுதியின் முன் பாடிய ஏழைப் பாடகனுக்குச் செல்வந்த விருந்தினர்கள் ஒரு காசும் கொடுக்காததைக் கண்டு கொதித்து அவர் எழுதியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெயரைப் பிரித்துப் படிப்பது

இனி, குழுமம் என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்தும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதே ஏரியின் தென்கரையில், நீர்மட்டத்துக்கு நானூறு மீட்டருக்கும் மேலே, பியூர்கென்ஸ்டாக் என்னும் மலைமுகட்டில் விடுதிகளைக் கட்டியவர் ஃபிரான்ஸ் யோசப் பூக்கர்-டுரர் (1834–1906). ஒப்வால்டன் மாநிலத்தின் கெர்ன்ஸ் ஊரைச் சேர்ந்த இவர், யோசப் டுரர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து மரம் அறுக்கும் ஆலையும் தரைப்பலகைத் தொழிற்சாலையும் நடத்தியவர். பழைய ஆவணங்களில் 'பூக்கர்-டுரர்' என்று வருவது தனிமனிதரின் பெயர்; 'பூக்கர் & டுரர்' என்று வருவது அவ்விருவரின் நிறுவனம். கணவரின் குடும்பப் பெயரோடு மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரை இணைத்து எழுதுவது ஸ்விட்சர்லாந்து வழக்கம் என்பதால், முதலாமவரின் பெயரில் உள்ள டுரர் அவர் மனைவி வழி வந்தது. கூட்டாளியோ தம் மனைவி வழியில் டுரர்-காசர் என்று அழைக்கப்பட்டார். இந்த வழக்கம் தெரியாமல் அட்டவணை தயாரித்தால் இரண்டு மனிதர்களும் ஒரு நிறுவனமும் ஒன்றாகிவிடுவார்கள். வரலாறு எழுதுபவருக்கு இதில் ஓர் ஆதாயமும் உண்டு: குடும்பக் கதைகளில் பொதுவாகக் காணாமல் போகும் மனைவியரின் பிறந்தவீடு இங்கே பெயரிலேயே பதிந்திருக்கிறது. எந்தச் சம்பந்தம் எந்த நிலத்தையும் எந்த முதலையும் கொண்டுவந்தது என்று தேடுவதற்கு அங்கிருந்தே நூல் பிடிக்கலாம்.

சொத்தைத் தொடர்வது

அடுத்த வேலை ஆவணக் காப்பகம். லூசர்ன் ஏரி என்பதால் லூசர்ன் நகரத்துக்குப் போனால் போதும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பியூர்கென்ஸ்டாக் விடுதிகள் நிட்வால்டன் மாநிலத்தில் இருக்கின்றன. அதன் அரசு ஆவணக் காப்பகம் ஸ்டான்ஸ் நகரில் உள்ளது. நிறுவனர் பிறந்த ஒப்வால்டனின் காப்பகம் சார்னெனில் உள்ளது. படகுப் போக்குவரத்து, நகர விடுதிகள், நாளிதழ்கள் ஆகியவற்றுக்கு லூசர்ன் காப்பகம். ஆக, ஒரு குடும்பத்தின் கதைக்கு மூன்று மாநிலங்களின் கதவைத் தட்ட வேண்டும் என்பதை வேலைத்திட்டத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

ஒரு நிலத்தின் தற்போதைய உரிமையாளர் யார் என்பதை அந்நாட்டு நிலப்பதிவேட்டில் எவரும் காரணம் சொல்லாமல் கேட்டறியலாம். அடமானம் முதலிய பதிவுகளைப் பார்க்க வேண்டுமானால் தக்க காரணம் காட்ட வேண்டும். நம் ஊரில் வில்லங்கச் சான்று வாங்கிப் பழகியவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்: விடுதியின் உண்மையான கதை அடமானப் பதிவுகளில்தான் இருக்கிறது. ஆகவே குடும்பத்தாரிடம் வேலையை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே அவர்கள் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால், எந்த ஆண்டின் கடனைத் தேடுகிறீர்கள் என்பது தெரிந்தவுடன் சிலர் தயங்கக்கூடும்.

விருந்தினர் வந்த வழி

கட்டடம் எழுந்த ஆண்டுகளை அப்படியே அடுக்கினால் அது வெறும் பட்டியல். அவற்றுக்குப் பக்கத்தில் போக்குவரத்தின் ஆண்டுகளை எழுதினால் காரணம் தெரியத் தொடங்கும். இந்த ஏரியில் முதல் நீராவிப் படகு ஓடியது 1837இல். தாமஸ் குக் தம் முதல் ஸ்விட்சர்லாந்துச் சுற்றுலாவுக்கு ஆங்கிலேயரை அழைத்துவந்தது 1863இல். எதிரே உள்ள ரீகி மலைக்கு, ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் ஓடத் தொடங்கியது 1871இல். பூக்கரும் டுரரும் பியூர்கென்ஸ்டாக் முகட்டில் மேய்ச்சல் நிலத்தை வாங்கியதும் அதே 1871ஆம் ஆண்டுதான். அவர்களுடைய முதல் விடுதி 1873இல் திறந்தது. காட்சிக்காக மலையேறும் கூட்டம் இனி பெருகும் என்று எதிர் முகட்டைப் பார்த்து அவர்கள் கணக்கிட்டார்கள் என்றே இந்த ஆண்டுகளை நான் வாசிக்கிறேன். மரமும் தரைப்பலகையும் சொந்தத் தொழிலாக இருந்ததால், பிறர் விலைக்கு வாங்க வேண்டிய பொருளில் பெரும்பகுதி இவர்கள் கையிலேயே இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

முகட்டுக்கு வண்டிப்பாதை வழியே ஏறும் சிரமம் இருந்தவரை வளர்ச்சிக்கு ஓர் எல்லை இருந்தது. 1888இல் கரையிலிருக்கும் கேர்சிட்டெனிலிருந்து மேலே செல்லும் கம்பிவட ரயில் வந்தது. மின்சாரத்தால் இயங்கிய மிகப் பழைய கம்பிவட ரயில்களுள் அதுவும் ஒன்று. அதன் பிறகே முகட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய விடுதிகள் எழுந்தன. 1893இல் ஸ்டான்சர்ஹார்ன் மலைக்கும் இவர்களின் முயற்சியால் ரயில் ஏறியது. 1905இல் பாறையை ஒட்டி 153 மீட்டர் உயரும் ஹம்மெட்ஷ்வாண்ட் மின்தூக்கி திறக்கப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது. விடுதிக்காரர்கள் ரயில் கட்டினார்களா, ரயில் கட்டியவர்கள் விடுதி நடத்தினார்களா என்று கேட்டால், இந்தக் குடும்பத்தில் இரண்டும் ஒரே தொழில் என்பதே விடை. ஆகவே உங்கள் தேடலில் விடுதியின் பேரேட்டோடு ரயில் நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெடெக்கர் பயணக் கையேட்டின் அடுத்தடுத்த பதிப்புகளை ஒப்பிடுவதும் பயன் தரும். ஓர் இடத்துக்குக் கொடுக்கப்படும் வரிகள் கூடுவதும் குறைவதும், அறை வாடகை மாறுவதும் அதில் பதிப்புக்குப் பதிப்பு தெரியும்.

குழுமத்தின் மற்ற கிளைகளைத் தேடும்போது பருவத்தை நினைவில் வையுங்கள். அக்காலத்தில் ஏரிக்கரை விடுதிகளுக்குக் கோடையே வருமானக் காலம். குளிர்காலத்தில் பணியாளர்களுக்கும் சமையற்காரர்களுக்கும் தெற்கே வேலை தேவைப்பட்டது. பின்னாளில் விடுதித் தொழிலில் உலகப் புகழ்பெற்ற செசார் ரிட்ஸ்கூட, லூசர்னின் நேஷனல் விடுதியைக் கோடையில் நிர்வகித்துவிட்டுக் குளிர்காலத்தில் மத்தியதரைக்கடல் ஓரம் பணிபுரிந்தவர்தான். பூக்கரின் முதலீடு லுகானோவுக்கும் ரோமுக்கும் கெய்ரோவுக்கும் பரவியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அது வெறும் பேராசையாகத் தோன்றாது. கெய்ரோவில் செமிராமிஸ் விடுதி எழுந்துகொண்டிருந்த 1906இல் அவர் அந்நகரிலேயே இறந்தார்.

எழுதப்படாத ஆண்டுகள்

விடுதிகளின் விளம்பர ஏடுகள் போருக்கு முந்திய பொற்காலத்திலிருந்து அடுத்த உரிமையாளரின் புதுப்பிப்புக்கு ஒரே தாவாகத் தாவிவிடும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான். 1914இல் போர் மூண்டதும் வெளிநாட்டு விருந்தினர் வரவு நின்றது. கடன்பட்டிருந்த விடுதிகளைக் காப்பதற்காக, 1915இல் ஸ்விட்சர்லாந்தின் நடுவண் அரசு புதிய விடுதிகள் கட்டுவதைக் கட்டுப்படுத்தியது; தேவை உண்டென்று மெய்ப்பித்தாலன்றி அனுமதி கிடைக்காது. இக்கட்டுப்பாடு ஏதோ ஒரு வடிவில் 1952 வரை நீடித்தது. இதைச் சொல்லாமல், 'குடும்பம் பழமையைப் போற்றிக் கட்டடத்தை மாற்றாமல் வைத்திருந்தது' என்று எழுதுவது அழகாக இருக்கலாம்; ஆனால் மாற்றுவதற்குப் பணமும் அனுமதியும் இல்லாத காலமும் அதில் அடங்கியிருக்கிறது. இந்த அத்தியாயத்துக்கு நாள்வழிக் கணக்கு, வங்கியோடு நடந்த கடிதப் போக்குவரத்து, ஊழியர் சம்பளப் பதிவேடு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தில் எதுவும் எஞ்சவில்லையெனில், அந்நாட்டு விடுதிகளின் ஆவணங்களைத் திரட்டுவதற்கென்றே இயங்கும் ஸ்விஸ் விடுதி ஆவணக் காப்பகத்தையும், இணையத்தில் தேடக்கூடிய பழைய நாளிதழ்த் தொகுப்பையும் அணுகலாம்.

பியூர்கென்ஸ்டாக்கில் இந்த இடைவெளி ஒரு கைமாற்றத்தில் முடிந்தது. 1925இல் தொழிலதிபர் ஃபிரீட்ரிக் ஃப்ரை-ஃபியூர்ஸ்ட் அதை வாங்கினார். 1950களில் மகன் ஃபிரிட்ஸ் ஃப்ரை பொறுப்பேற்றார். இன்று அந்த மலையைப் பற்றிப் பேசப்படும் புகழின் பெரும்பகுதி இந்த இரண்டாவது குடும்பத்தின் காலத்தது: 1954இல் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் திருமணம் அங்குள்ள சிற்றாலயத்தில் நடந்தது, 1953இல் ஐரோப்பாவில் இருந்த இந்தியத் தூதர்களை நேரு அங்கே கூட்டிப் பேசினார்.

இத்தகைய பெயர்களை எழுதும்போது விடுதியின் வருகையேட்டை மட்டும் நம்ப வேண்டாம். கையொப்பம் மதிய உணவுக்கு வந்தவருடையதாகவும் இருக்கலாம். செய்தித்தாள், தூதரக ஆவணம், அவ்விருந்தினரின் கடிதம் என விடுதிக்கு வெளியே உள்ள ஒரு சான்று கிடைத்த பிறகே 'தங்கினார்' என்று எழுதுங்கள். அதுவரை 'வந்தார்' என்பது போதும். பெரிய பெயர்களுக்கு ஒரு பக்கம் கொடுத்தால், சலவையறையிலும் சமையலறையிலும் பருவம்தோறும் வந்து உழைத்தவர்களுக்கு ஓர் அத்தியாயமாவது கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. முன்னாள் ஊழியர்களைப் பேட்டி காணும்போது முதலாளி குடும்பத்தார் உடன் இருக்கக் கூடாது.

நூலை எங்கே முடிப்பது என்பதையும் மூன்று காலவரிசைகளே தீர்மானிக்கும். ஃப்ரை குடும்பம் 1996இல் பியூர்கென்ஸ்டாக்கை ஒரு வங்கிக்கு விற்றது. பின்னர் கத்தார் நாட்டு முதலீட்டில் பல ஆண்டுகள் திருத்தியமைக்கப்பட்டு 2017இல் அது மீண்டும் திறந்தது. 2024 ஜூன் மாதம் உக்ரைன் அமைதி மாநாடு நடந்ததும் அங்கேதான். இவை கட்டடத்தின் வரலாறு. குடும்பத்தின் வரலாறு எழுதுகிறீர்கள் என்றால் 1996ஆம் ஆண்டின் விற்பனைப் பத்திரத்தோடு முதன்மை உரையை நிறுத்தி, பிந்தைய செய்திகளை உரிமையாளர் பெயர்களோடும் ஆண்டுகளோடும் ஒரு பக்க இணைப்பாகக் கொடுங்கள். சொத்து கைமாறிய வரிசை முழுவதும் ஒரே இடத்தில் தெரியும்படி, அந்த இணைப்பில் முதல் வரி 1871ஆம் ஆண்டின் நிலக்கொள்முதலாக இருக்கட்டும்.